வெள்ளிக்கிழமை உடம்பு

யுகேந்திரன் செய்த கல்லீரலை நாடு முழுவதற்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம் என்று தர நிர்ணயக் குழுவிடமிருந்து கடிதம் வந்த அன்று, எங்கள் லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்லி நான் வாங்கவில்லை. எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது. வயிறு எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. நான் பொறாமைக்காரி. அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். நான் இருபத்திரண்டு வருடமாக ஜெல்லோடு மல்லுக்கட்டுகிறவள், அவன் நேற்று வந்தவன். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மைக்கைக் கையில் கொடுத்ததும் என்ன பேசினான் தெரியுமா?

"இதுக்கெல்லாம் மேகலாக்காதானுங்க காரணம். ஜெல்லுன்னா என்னன்னே தெரியாம வந்தவன் நானு. உறைய வெக்கறது, இளக விடறது, அல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் இயக்குநர் தியாகு சார் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். நான் சிரித்தேன். கன்னம் வலிக்கச் சிரித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன. என் கணவர் விஸ்வநாதனுக்குக் கணபதி ஏரியாவில் மோட்டார் பம்ப் பட்டறை. மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளியவர் என்பதால் வீட்டுச் சத்தத்தை அவர் பொதுவாகக் கண்டுகொள்ளமாட்டார். அன்றைக்குக் கண்டுகொண்டார்.

"அப்புடி என்னதான் புள்ள செஞ்சுட்டான் அவன்? நெசமாலுமே ஈரலச் செஞ்சுட்டானா?"

"ஈரல் மாதிரி ஒண்ணுங்க. ரேஷன் கடைக்குப் பக்கத்துல பச்சை பூத்துல போன மாசம் படுத்துட்டு வந்தீங்களே, அந்த மெஷினுக்கு நல்ல ஈரல் எது, கெட்ட ஈரல் எதுன்னு எப்புடித் தெரியும்?"

"டாக்டருங்க சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு நெம்பர் காட்டும். ஒண்ணு அஞ்சுங்கும், ஒண்ணு ஏழுங்கும். அந்த நெம்பரை நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. அதனால காலைல பூத்தைத் தொறந்ததும் ஒரு டப்பாவை எடுத்து மெஷினுக்கடியில வெப்பாங்க. உள்ள ஜெல் இருக்கும். அமுக்கினா ஈரல் மாதிரியே அமுங்கும், சத்தத்தை அனுப்பினா ஈரல் மாதிரியே திருப்பி அனுப்பும். இதுதான் நல்ல ஈரல், இதை வெச்சு மத்ததையெல்லாம் அளந்துக்கோன்னு மெஷினுக்குச் சொல்றது. அதுக்குப் பேரு ஃபேன்டம்."

"எடைக்கல்லு மாதிரின்னு சொல்லு."

"எடைக்கல்லேதான். அதுல இருந்து பதினஞ்சு சதம் வரைக்கும் வித்தியாசம் இருந்தா பச்சை லைட். தாண்டுனா மஞ்சள், டாக்டர்கிட்டப் போகணும்."

"கல்லே தப்பா இருந்துச்சுன்னா?"

"ஊர்ல இருக்கற அத்தனை தராசும் தப்பு."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்ன உன்ற கல்லுதான இருந்துச்சு?" என்று கேட்டார். பாவம், தெரியாமல்தான் கேட்டார். நான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஆமாம், என் கல்தான் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் செய்தது. பசைக்குப் பயன்படுகிற ஒரு வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, சலித்த பளிங்குத் தூளைச் சேர்த்து, எட்டு முறை உறையவைத்து எட்டு முறை இளகவிட்டால் அது மெல்ல மெல்லத் தசை மாதிரி ஆகும். ஏழு முறை என்றால் நெஞ்சுச்சளி மாதிரி இருக்கும். ஒன்பது என்றால் செருப்பு. எட்டில் நிற்பதற்கு எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

ஆனால் அது ஈரல் மாதிரி இருக்கிறதா என்று பார்க்க நிஜ ஈரல் ஒன்று வேண்டுமல்லவா? வெளியாள் ஒருவரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் ஜெல்லுக்கே கல்யாண வயது வந்துவிடும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். லேபில் இருப்பவர்களில் ஒருவர் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலில் ஜெல்லை அளப்போம், பிறகு அந்த ஆளை அளப்போம். இரண்டுக்கும் எத்தனை சதம் வித்தியாசம் என்று நோட்டில் எழுதுவோம். படுத்தவருக்கு ஓர் இளநீர்.

லேபில் ஒன்பது பேர் இருந்தோம். தியாகு சார், நான் உட்பட எட்டுப் பேருக்குக் கொழுப்பு ஈரல். ஒன்பதாவது ஆள்தான் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த யுகேந்திரன். இருபத்தெட்டு வயது. ஒட்டிய வயிறு, பீடி சிகரெட் கிடையாது, குடி கிடையாது, விலா எலும்புக்கு நடுவே கண்ணாடி ஜன்னல் மாதிரி எல்லாம் தெரியும். முதல் வெள்ளிக்கிழமை அவனைப் படுக்கவைத்தோம், பிறகு எல்லா வெள்ளிக்கிழமையும் அவன்தான். நோட்டில் பேர் எழுதக்கூடாது என்பது விதி. 'தன்னார்வலர் ஒன்று' என்றுதான் எழுதுவோம். நாளடைவில் அது ஒரு ஆள் என்பதே மறந்துபோய்விட்டது. மேஜை, விளக்கு, தன்னார்வலர் ஒன்று.

முதல் வருடம் வித்தியாசம் பூஜ்யம். சில வாரம் ஒன்று. நான் காற்றில் மிதந்தேன். இரண்டாம் வருடம் ஏழு. நான்காம் வருடம் இருபத்திரண்டு. உடம்பு இறுக்கமாகவும் ஜெல் இளக்கமாகவும் அளவு காட்டியது.

"மேகலா, உங்க ஜெல் எறங்கிருச்சு போலிருக்கே," என்றார் தியாகு சார்.

ஜெல் இறங்குவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காயும், சுருங்கும், இளகும், பூசணம் பிடிக்கும். அதற்காகத்தானே ஒவ்வொரு வெள்ளியும் உடம்போடு ஒப்பிடுகிறோம்? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கே வரவில்லை. என் கைப்பக்குவத்தில்தான் கோளாறு என்று நினைத்து ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தேன். வேலையை என்னிடமிருந்து எடுத்து யுகேந்திரனிடம் கொடுத்தார்கள். அவன் ஐந்தே மாதத்தில் புது ஜெல் செய்தான். மறுபடியும் வித்தியாசம் பூஜ்யம். ஆறு டாக்டர்களைக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் ஒரு பக்கம் அவன் ஜெல், ஒரு பக்கம் நிஜ உடம்பு என்று வைத்து, எது எது என்று கேட்டார்கள். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. என் ஜெல்லை மட்டும் ஆறு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பதினான்கு மாதமாக மாநிலத்தின் நாலாயிரம் பூத்துகளிலும் அவன் டப்பாதான். ரத்தப் பரிசோதனை, ஊசி எதுவும் வேண்டாம், ரெண்டு நிமிஷம் படுத்தால் போதும் என்று ஜனங்களும் பழகிவிட்டார்கள்.

புது ஜெல்லுக்குச் சான்றிதழ் கிடைத்த பிறகு வெள்ளிக்கிழமைப் படுக்கை வெறும் சம்பிரதாயமாகிவிட்டது. அளப்பார்கள், எழுதுவார்கள், யாரும் படிக்கமாட்டார்கள். நான் படித்தேன். ஒரு வாரம்கூட விடாமல் படித்தேன். எதற்கென்று கேட்கவேண்டுமா?

ஆறாம் மாதம் வித்தியாசம் இரண்டு. பத்தாம் மாதம் நான்கு. அன்றைக்கு நானே கேன்டீனில் காசு கொடுத்து ஒரு காபி வாங்கி, ஆற அமர உட்கார்ந்து குடித்தேன். கடிதம் வந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை ஒன்பது. அவன் ஜெல்லும் இறங்குகிறது! என் ஜெல்லைத் தூக்கிப் பரணில் போட்டார்களே, இப்போது இது என்னவாம்?

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் லேபுக்குப் போனேன். ஜெல் இறங்கினால் தண்ணீர் இழக்கும், தண்ணீர் இழந்தால் எடை குறையும். எல்லா டப்பாவுக்கும் முன்மாதிரியாக வைத்திருந்த அவனுடைய மூலக்கட்டியை எடுத்துத் தராசில் வைத்தேன். செய்த அன்றைய எடை நோட்டில் இருக்கிறது. கால் கிராம்கூடக் குறையவில்லை. அரைக் கிலோ இரும்புக் குண்டை மேலே வைத்து எவ்வளவு பள்ளம் விழுகிறது என்று அளந்தேன். செய்த அன்று விழுந்த அதே பள்ளம். எனக்கு எரிச்சலாக வந்தது. பயல் நன்றாகத்தான் செய்திருக்கிறான்.

அப்புறம் என்ன தோன்றியதோ, பரணிலிருந்து என் பழைய கட்டியை இறக்கினேன். டப்பாவின் மேல் தூசி. துடைத்துத் திறந்து தராசில் வைத்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் என் கையால் எழுதிய எடை எதுவோ அதுதான் வந்தது. மூன்று முறை வைத்து எடுத்தேன். குண்டை வைத்தேன். அதே பள்ளம்.

என் ஜெல் இறங்கவே இல்லை. ஆறு வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது. கட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு தாளில் இரண்டு எடைகளையும் இரண்டு பள்ளங்களையும் எழுதி, பழக்கதோஷத்தில் மேலே தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு பத்து நிமிஷம் இருந்திருக்கும். என் ஜெல் மாறவில்லை, அவன் ஜெல்லும் மாறவில்லை. அப்படியானால் இரண்டு ஜெல்லுக்கும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வெள்ளிக்கிழமை நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். முந்நூறு வெள்ளிக்கிழமை. ஜெல் இறங்கினால் வெயில் காலத்தில் வேகமாக இறங்கும், ஏ.சி. நின்றால் தடாலென்று இறங்கும். இது அப்படி இல்லை. பூஜ்யத்திலிருந்து ஒரே சீராக, வாரா வாரம், ஒரு நூல் இழைபோல ஏறிக்கொண்டே வந்திருந்தது. நடுவில் ஜெல்லை மாற்றாமல் என் ஜெல்லையே வைத்திருந்தால் வித்தியாசம் இன்றைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முப்பத்துமூன்று.

இரண்டு ஜெல்லும் ஒரே ஆளைப் பார்த்துச் செய்தவை. நான் அவனுடைய இருபத்தெட்டாவது வயது ஈரலைச் செய்திருந்தேன். அவன் தன்னுடைய முப்பத்திரண்டாவது வயது ஈரலைச் செய்திருந்தான். நடுவில் மாறியது ஜெல் இல்லை, அவன். ஜெல் கெட்டுப்போகும் என்று வாரா வாரம் பயந்த எங்களில் ஒருவருக்கும் உடம்பு கெட்டுப்போகும் என்று தோன்றவில்லை. மேஜை மாறுமா? விளக்கு மாறுமா?

அவன் ஈரல் இறுகிக்கொண்டு வருகிறது. அந்த இறுகின ஈரலைத்தான் 'நல்ல ஈரல்' என்று நாலாயிரம் மெஷினுக்கும் தினமும் காலையில் சொல்லிக் கொடுக்கிறோம். அவனைப் போல ஈரல் கெட்டவர்கள் எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிகிறது. அவனுக்கும்தான். மற்றவர்களுக்கு வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவோம், அவனுக்கு வந்தால் ஜெல்லைத்தானே மாற்றுவோம்? உலகத்திலேயே அந்த மெஷினால் நோயாளி என்று கண்டுபிடிக்கவே முடியாத ஒரே ஆள் அவன்தான்.

இதைப் புரிந்துகொண்டதும் நான் என்ன செய்திருக்கவேண்டும்? ஓடிப்போய் அவனிடம் சொல்லியிருக்கவேண்டும். ஒன்பதரைக்கு அவன் வந்தான். தோளில் பை, கையில் ஹெல்மெட்.

"என்னுங்கக்கா, இத்தன நேரத்துலயே வந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, பரணைச் சுத்தம் பண்ணலாம்னு."

"சொன்னா நான் பண்ண மாட்டனுங்களா? நீங்க ஏனுங்க ஏணி மேல ஏறிட்டு."

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். தர நிர்ணயக் குழு கூடி இறுதிக் கையெழுத்துப் போட இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அந்த மேஜையில், அத்தனை பேர் முன்னால், என் ஜெல்தான் சரி, அவனுடையது தப்பு என்று சொல்லவேண்டும். இரண்டு வருடமாக நான் மென்று விழுங்கியதையெல்லாம் அங்கே வைத்துத் துப்பவேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு நானே வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை அளக்கவேண்டும், பொறாமைக்காரி தனியாகப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள், குழுவில் சொன்னால்தான் எடுபடும். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒன்றுகூட உண்மை இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளும் அவன் என் கண்ணெதிரே இருந்தான். மத்தியானம் சாப்பிட்டதும், "சித்தே படுத்துக்கறனுங்கக்கா, அசதியா இருக்குது" என்று ஸ்கேன் மேஜையிலேயே கால் நீட்டிப் படுத்தான். முன்னெல்லாம் அப்படிப் படுக்கமாட்டான். ஒரு நாள் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தான்.

"சீர்த்தட்டு எடுக்கறதுக்கு எனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்க. நீங்கதான் வந்து எடுக்கோணும்."

"வர்றேன்."

"மாமாவையும் கூட்டிட்டு வாங்க. மறந்தறாதீங்க."

போனேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் சீர்த்தட்டு எடுத்தேன். கைப்பைக்குள் அந்தத் தாள் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூத்துகளுக்கு விடுமுறை கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் பேர் படுத்து எழுந்து போகிறார்கள் என்று கணக்கு எனக்குத் தெரியும். பந்தியில் அவன் பக்கத்தில் நின்று, "இன்னொரு ஜிலேபி வெய்யுங்க அக்காளுக்கு" என்று பரிமாறச் சொன்னான். சாப்பிட்டேன்.

குழு கூடிய அன்று மொத்தம் பதினோரு பேர். ஈரல் டாக்டர் என்ற முறையில் ஃபரீதா மேடமும் வந்திருந்தார். யுகேந்திரன் அவனுடைய ஜெல்லைப் பற்றிப் பேசி முடித்ததும் நான் எழுந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். இந்த ஜெல் நல்ல ஈரல் இல்லை, நோய் பிடித்த ஈரல். என் ஜெல் இறங்கவில்லை, இறங்கியதாகச் சொல்லி இரண்டு வருடம் என்னை ஓரங்கட்டினீர்கள். குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்கள், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்கள்.

"மேகலா, போதும்," என்றார் தியாகு சார் மெதுவாக. "உங்க மனக்கஷ்டம் எனக்குப் புரியுது. அதுக்காக ஒரு பையனோட உடம்பை இழுத்து... வேண்டாம், உக்காருங்க."

"அவங்க எதுக்கு சார் பொய் சொல்லப்போறாங்க?" என்றான் யுகேந்திரன். "அந்தத் தாளைக் குடுங்கக்கா."

கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நோட்டையும் கொடுத்தேன். அவன் நின்றபடியே படித்தான். அவன் நல்ல விஞ்ஞானி என்பதை அன்றைக்குத்தான் பொறாமை இல்லாமல் பார்த்தேன். இரண்டு எடை, இரண்டு பள்ளம், முந்நூறு வெள்ளிக்கிழமை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் கை தானாகவே வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது.

"சரியாத்தானுங்க சார் இருக்குது," என்றான் தியாகு சாரிடம். "ரெண்டு ஜெல்லும் நல்ல ஜெல்லுதான். நான்தான் எறங்கிட்டேன்."

பிறகு தாளை மடிக்கப்போனவன் மறுபடியும் பிரித்தான். மேலே நான் போட்டிருந்த தேதியைப் படித்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். காதுகுத்து அந்தத் தேதிக்குப் பிறகுதான் நடந்தது என்று அவன் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாளே ஊசி போட்டு ஈரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்தார்கள். உடம்பின் காவல் படையே ஈரலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் என்றார் ஃபரீதா மேடம். வலியோ காமாலையோ எதுவும் காட்டாமல் வருடக்கணக்கில் நடக்குமாம். நார் நாராகத் தழும்பு விழுந்து மூன்றாம் கட்டத்தில் இருந்தது. நான்காவதற்குப் போயிருந்தால் திரும்பி வர வழியில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"மேடம், பத்தொன்பது நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"பத்தொன்பது நாள்ல ஈரல்ல என்ன மாறிடப் போகுது? ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார். பிறகு, "ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரையிலேயே முழுசா சரியாயிருக்கும். அது உங்க யார் தப்புன்னு சொல்றது?" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. மற்றவர்களுக்கு? பூத்துகளை எல்லாம் மூடி, பச்சை வாங்கியவர்களை எல்லாம் திரும்ப அழைத்து, என் ஜெல்லை வைத்து மறுபடி அளந்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளில் மட்டும் பச்சை வாங்கியவர்களில் பதினோராயிரம் பேருக்கு மஞ்சள். ஊர் மாறிப்போனதால் கண்டுபிடிக்க முடியாதவர்கள் நானூற்றுச் சொச்சம். அவர்கள் இன்னமும் பச்சை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டியலை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் ஜெல்தான் இப்போது அளவுகோல். நாட்டுக்கே. கடிதம் வந்தது, லேபில் இனிப்புக் கொடுத்தார்கள். தியாகு சார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இனிமேல் ஃபேன்டத்தின் மேல் அது யார் உடம்பைப் பார்த்துச் செய்தது, அப்போது அவருக்கு என்ன வயது என்று எழுதியே ஆகவேண்டும் என்று புது விதி வந்தது. என் டப்பாவின் மேல் 'யுகேந்திரன், வயது 28' என்று ஒட்டியிருக்கிறார்கள். என் பேர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். எரிச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

நாலு மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். மாத்திரையால் முகம் உப்பி, கன்னம் இரண்டும் பன் மாதிரி இருந்தது. வாசலில் காவலுக்கு இருக்கிற செல்வியிடம், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இனி அவன் ஒப்பிடுவதற்கான உடம்பு இல்லை, அதற்கு இப்போது நாற்பது பேர் முறைப்படி வருகிறார்கள். ஆனால் ஃபரீதா மேடம் மாதம் ஒரு தடவை அளவு கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவனே வந்து சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்தான். நான் முதலில் என் கட்டியை அளந்தேன். பிறகு அவனை.

"எத்தனைங்க?"

"முப்பத்தொண்ணு. ஆஸ்பத்திரியில சேந்தப்ப முப்பத்தஞ்சு. எறங்குது."

அவன் எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு என் கட்டியை டப்பாவிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தான். கட்டைவிரலால் மெல்ல அமுக்கினான். அது அமுங்கி, மெதுவாக மேலே எழுந்து வந்தது.

"இவன் இனி மாறவே மாட்டானில்லீங்க?"

"மாட்டான்."

"எப்பவும் இருபத்தெட்டு வயசுதான். கல்யாணம் ஆகாத பையன்." சிரித்தான். அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. "தினமும் காலைல நாட்டுல இருக்கற எல்லாரையும் இவனோட வெச்சுப் பாக்கறாங்க. என்னையும்தான். இவனப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க மேடம்."

பொறாமையைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஏதாவது சொல்லியிருக்கலாம். என் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். குழு கூடிய அன்றிலிருந்து அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான். கேன்டீனில் காபி போடுகிற அம்மா அவனுக்கு அக்கா, வாசலில் நிற்கிற செல்வி அக்கா. அன்பில்லாமல் பேசுகிறான் என்று சொல்லமுடியாது. ஏணியில் ஏறினால் இப்போதும் ஓடி வந்து பிடிக்கிறான்.

அவன் கட்டியைப் பத்திரமாக டப்பாவில் வைத்து மூடினான். சட்டையை இறக்கிவிட்டுப் பொத்தான் போட்டான்.

"அடுத்த மாசம் இதே நாள் வரட்டுங்களா மேடம்?"

"வா," என்றேன்.